வெறுந்தொட்டியைக் கவிழ்க்காதீர்கள்



டிசம்பர் மாதத்தில் கொல்கத்தா நியூ டவுனிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வருகிறவர்கள் மொட்டைமாடிக்கு ஏறினால் சற்றுத் திகைத்து நிற்பார்கள். அண்டை வீட்டு மாடிகளிலெல்லாம் சாமந்தியும் டேலியாவும் பெட்டூனியாவும் கண்ணைப் பறித்துக்கொண்டிருக்கும். எங்கள் மாடியின் ஒரு மூலையிலோ ஒன்பது தொட்டிகள் வெறும் மண்ணோடு நிற்கும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மரக்குச்சி. அந்தக் குச்சியில் ஒரு பெயரும் இரண்டு மாதங்களும் எழுதப்பட்டிருக்கும். "பாஸ்டர் ஐயா, செடியெல்லாம் பட்டுப்போயிற்றா?" என்று அன்போடு விசாரிப்பார்கள். "இல்லை, உறங்குகின்றன" என்பேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள்.

அந்த வெறுந்தொட்டிகளைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். வேலையின் நிமித்தம் பட்டணத்துக்கு வந்து, வாடகை வீட்டின் பால்கனியிலோ மாடியிலோ நான்கு பூச்செடிகளை வைக்க ஆசைப்படுகிறவர்கள் உங்களில் பலர் உண்டு. ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் பூக்கும் பல்லாண்டுச் செடிகளை, அவற்றிலும் எல்லா வீட்டிலும் காணப்படாத அபூர்வமானவற்றைத் தெரிந்துகொள்வது எப்படி என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். அவற்றில் ஒன்று செடியோடு மட்டும் நின்றுவிடவில்லை.

சீட்டில் எழுதியிருந்தது

நாங்கள் நியூ டவுனுக்குக் குடிவந்தது 2014-ஆம் ஆண்டில். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாற்றங்காலில் லாவெண்டர் செடியைக் கண்டேன். ஊதாநிறக் கதிர்கள், தொட்டவுடன் கையில் ஒட்டிக்கொள்ளும் நறுமணம். தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் "பல்லாண்டுச் செடி" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நம் சபையார் வீடு எதிலும் இல்லாத செடி நம் வீட்டில் இருக்கட்டுமே என்ற சிறு பெருமையும் எனக்குள் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று தொட்டிகள் வாங்கினேன். பிப்ரவரி வரை அழகாக இருந்தன. ஏப்ரலில் வாடின. ஜூலை மாதத்து மழையில் அடித்தண்டு கறுத்து அழுகி, மூன்றும் ஒரே வாரத்தில் மாண்டுபோயின.

சீட்டில் எழுதியிருந்தது பொய்யல்ல. மத்தியதரைக்கடல் நாடுகளின் வறண்ட கோடையிலும் குளிர்ந்த மழைக்காலத்திலும் வளரும் செடி அது. அங்கே அது பல்லாண்டுகள் வாழும். வங்காளத்தின் புழுக்கமும் ஊறிக்கிடக்கும் மண்ணும் அதற்கு ஆகாது. செடியைப் பற்றிய உண்மை, இடத்தைப் பற்றிய உண்மையாகாது. இதை நான் லாவெண்டரிடம் கற்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிருந்து வெகுதூரமில்லாத செராம்பூரில் ஒருவர் ஒரு சிறு பூவிடம் கற்றிருந்தார்.

கேரி ஐயரின் சிறு பூ

வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில், சபைச் சரித்திர வகுப்பில் வில்லியம் கேரி ஐயரைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். செருப்புத் தைக்கும் தொழிலாளியாயிருந்தவர், 1793-இல் வங்காளத்துக்கு வந்தார், 1801-இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார் என்பதெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம். அவர் தேர்ந்த தோட்டக்காரர் என்பதை மட்டும் கொல்கத்தாவுக்கு வந்த பிறகே அறிந்தேன்.

கொல்கத்தாவின் அலிப்பூரில் இன்றும் இயங்கிவரும் இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை 1820-இல் தொடங்கியவர் அவரே. சிப்பூர் தாவரவியல் பூங்காவின் மேற்பார்வையாளராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதிவைத்த இந்தியத் தாவரங்களைப் பற்றிய நூல்களைப் பதிப்பித்துச் செராம்பூர் அச்சகத்தில் அச்சிட்டதும் அவரே. அந்த நட்பின் அடையாளமாக ராக்ஸ்பர்க் ஒரு தாவர இனத்துக்கே "கேரியா" என்று பெயரிட்டார். அந்த இனத்தில் ஒன்று பெருமரம். மற்றொன்று நிலத்தோடு ஒட்டிய சிறு செடி. மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கட்டையிலிருந்து ஆண்டுதோறும் துளிர்த்துப் பூப்பது.

செராம்பூரில் அவர் தம் கையால் ஒரு பெரிய தோட்டத்தை உருவாக்கினார். ஒருமுறை இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்த பையைக் காலிசெய்தபின், அதில் ஒட்டியிருந்த மண்ணையும் வீணாக்க மனமில்லாமல் நிழலான ஓரிடத்தில் உதறிவிட்டார். சில நாட்கள் கழித்து அங்கே ஒரு டெய்சிச் செடி முளைத்திருந்தது. இங்கிலாந்தின் புல்வெளிகளில் காலடியில் மிதிபடும் சாதாரணப் பூ. ஆனால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகச் சொந்த நாட்டைக் காணாதவருக்கு அது சாதாரணமாகவா தோன்றும்? தாம் அடைந்த மகிழ்ச்சியை அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். அதைக் குறித்து ஜேம்ஸ் மான்ட்காமரி என்னும் கவிஞர் ஒரு கவிதையே இயற்றினார்.

நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது அதற்குப் பின் நடந்ததை. அந்தப் பூவின் தாவரவியல் பெயர் பெல்லிஸ் பெரென்னிஸ். பெரென்னிஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு ஆண்டுகளைக் கடந்து நிலைப்பது என்று பொருள். பெயரிலேயே பல்லாண்டு இருக்கிறது. ஆயினும் வங்காளத்தில் அது ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. கேரி ஐயர் ஆண்டுதோறும் விதையைச் சேர்த்துவைத்து மீண்டும் மீண்டும் விதைத்தே அதைக் காப்பாற்றினார்.

ஊர் நினைவுக்காக ஒரு பூவை அப்படிப் பாடுபட்டுக் காப்பாற்றுவதில் பிழையில்லை. ஆனால் தோட்டம் முழுவதையும் அப்படிச் செய்ய ஒருவராலும் இயலாது. ஆகவே செடி வாங்கும்போது "இது பல்லாண்டுச் செடியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த ஊரின் மழையை இது தாங்குமா? இந்த ஊரில் இது எந்த மாதம் உறங்கும், எந்த மாதம் எழும்பும்?" என்று கேளுங்கள்.

நாம் வந்திருக்கும் மண்

நியூ டவுன் புதிய நகரம். இதை உருவாக்குவதற்கான ஹிட்கோ என்னும் அரசு நிறுவனம் 1999-இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு ராஜர்ஹாட் பகுதியில் நெல் வயல்களும் காய்கறி நிலங்களும் மீன் வளர்க்கும் நீர்நிலைகளும் இருந்தன. நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்கு அடியில் வேறொருவர் உழுத நிலம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஓரத்து மண்ணைக் கொத்திப் பார்த்தால் ஒரு சாணுக்குக் கீழே மணலும் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் வருகின்றன. அதற்கும் கீழே பழைய வயலின் களிமண். மழை பெய்தால் நீர் இறங்காது. வெயிலடித்தால் ஈரம் நிற்காது.

மழைக்காலமும் நம் ஊரைப்போல் அல்ல. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மண்ணுக்கு ஐப்பசியும் கார்த்திகையுமே மழைக்காலம். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் கால்பைசாகி எனப்படும் மாலைநேரப் புயற்காற்று மண்ணை முதலில் நனைக்கும். ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை தொடங்கும். செப்டம்பர் இறுதி வரை அடித்துப் பெய்யும். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை. நம் ஊரில் மழை பெய்யும் கார்த்திகையில் இங்கே வறண்ட குளிர் தொடங்கிவிடும். இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால்தான் நான் அந்தப் பெரும் பிழையைச் செய்தேன்.

அம்மாவின் கிழங்கு

என் தகப்பனார் மறைந்தபின், 2017-ஆம் ஆண்டு கோடையில் என் தாயார் எங்களோடு தங்க வந்தார்கள். சாத்தான்குளத்துக்கு அப்பாலுள்ள தேரிக்காட்டுக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு இங்கே எல்லாமே அந்நியம். மொழி புரியாது, மின்தூக்கியில் ஏற அச்சம், பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அவர்கள் கொண்டுவந்த பையில் கருப்பட்டியோடு செய்தித்தாளில் பொதிந்த சில கிழங்குகளும் இருந்தன. கலப்பைபோல் கவைத்த கிழங்கு. எங்கள் தோட்டத்து வேலியில் படர்ந்திருந்த கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கு அது.

செங்காந்தள் என்று இலக்கியம் சொல்வது இதையே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் நெடிய மலர்ப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. நம் தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கொங்குநாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். இதிலிருந்து எடுக்கப்படும் கோல்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவீக்கத்துக்கு மருந்தாகிறது.

அம்மா ஜூன் மாதம் மாடித் தொட்டியில் அதை நட்டார்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, கைப்பிடிச் சுவரின் கம்பியைப் பிடித்து ஏறியது. ஆகஸ்டு மாதத்தில் பூத்தது. முதலில் பச்சை, பின்பு மஞ்சள், பின்பு நெருப்பு. இதழ்கள் மேல்நோக்கி வளைந்து கைவிரல்கள் விரிந்தாற்போல் நின்றன. "கார்த்திகையில பூக்க வேண்டியது ஆவணியிலேயே பூத்துட்டுதே" என்று அம்மா வியந்தார்கள். மாலைதோறும் அந்தத் தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நியூ டவுனில் அவர்களுக்கு அறிமுகமான ஒரே முகம் அதுதான்.

அக்டோபரில் இலை மஞ்சளித்தது. நவம்பரில் கொடி முழுவதும் காய்ந்து சருகானது. அந்த மாத இறுதியில் கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு வருகிறவர்களுக்கு மாடியைச் சுத்தம்செய்தபோது, நானே அந்தத் தொட்டியைக் கவிழ்த்து மண்ணைக் கொத்திக் குப்பையோடு சேர்த்துப் படிக்கட்டின் கீழே கொட்டினேன். அந்த இடத்தில் கடையிலிருந்து வாங்கிவந்த சாமந்தியை வைத்தேன்.

அம்மா மாலையில் மாடிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. இரவு உணவுக்குப் பின் அவர்களைக் காணாமல் தேடியபோது, கைவிளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மூன்று கிழங்குகள் கிடைத்தன. இரண்டின் முனைகள் என் மண்வெட்டி பட்டு ஒடிந்திருந்தன. செங்காந்தள் கிழங்கின் கவை ஒவ்வொன்றுக்கும் நுனியில் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அது ஒடிந்தால் அந்தக் கவை முளைக்காது. முழுதாக இருந்தது ஒன்றே ஒன்று. "இது உறங்குறது, ஐயா. நீ பட்டுப்போச்சின்னு நெனச்சிட்டே" என்று மட்டும் சொல்லி, அதை உலர்ந்த மணலில் வைத்துக் கட்டிலின் கீழ் பத்திரப்படுத்தினார்கள்.

மார்ச்சில் அம்மா ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். செடியைத் தூக்கி எறிந்ததால்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அந்த வெறுந்தொட்டியை நான் கவிழ்த்த நாளிலிருந்து அவர்கள் மாடிக்கு ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். புறப்படும்போது, "மே மாசம் மழை பெஞ்சப்புறம் நடு. அதுவரைக்கும் தண்ணி காட்டாதே" என்றார்கள். நட்டேன். ஜூன் மூன்றாம் வாரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை முனை ஒன்று எழும்பியது. ஓடிப்போய்த் தொலைபேசியில் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே மண்ணைத் தொட்டுப் பாக்காம எதையும் பட்டதுன்னு சொல்லாதே, ஐயா" என்றார்கள்.

பின்பு அறிந்தேன், செங்காந்தள் வங்காளத்திலும் இயல்பாக வளரும் செடியே. லாவெண்டர் மாண்ட மாடியில் இது பிழைத்ததற்குக் காரணம் அதுதான். அம்மா அதை அந்நிய மண்ணுக்குக் கொண்டுவரவில்லை. அதற்குச் சொந்தமான இன்னொரு மண்ணுக்கே கொண்டுவந்தார்கள்.

தெரிந்துகொள்ளத் தக்க செடிகள்

அதன்பின் நான் செடிகளைத் தெரிந்தெடுக்கும் முறையே மாறிற்று. வங்காளத்தின் மழையில் எழும்பி, குளிரில் மண்ணுக்குள் உறங்கி, மீண்டும் எழும்புகிற செடிகளைத் தேடினேன். செங்காந்தளோடு இன்னும் சிலவற்றை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, பூயிசாம்பா. நிலச் சண்பகம் என்று பொருள் கொள்ளலாம். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலையே இல்லாத வெறும் மண்ணிலிருந்து வெண்மையும் ஊதாவும் கலந்த பூக்கள் நேரே எழும்பும். பார்க்கிறவர்கள் யாரோ பூவைப் பறித்து மண்ணில் செருகிவைத்திருப்பதாகவே எண்ணுவார்கள். நல்ல மணம் உண்டு. பூ முடிந்தபிறகே இலை வரும்.

இரண்டாவது, தோலன்சாம்பா. இதுவும் இஞ்சிக் குடும்பம். ஆளுயரத் தண்டின் உச்சியில் வெண்ணிறப் பட்டாம்பூச்சிகள் அமர்ந்தாற்போல் மழைக்காலத்தில் பூக்கும். மாலையில் மணம் வீடு முழுவதும் பரவும். வங்காளிகள் இதை மிகவும் நேசிக்கிறார்கள். கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் 1923-இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்புக்கு இப்பூவின் பெயரையே இட்டார். ஈரத்தையும் அரைநிழலையும் விரும்புவதால், தண்ணீர் தேங்கும் ஓரத்து மண்ணுக்கு ஏற்றது. நாங்கள் தொட்டியில் அல்ல, தரையிலேயே நட்டிருக்கிறோம்.

மூன்றாவது, ஃபுட்பால் லில்லி. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மே மாதத்தில், ஆண்டுக்கு ஒரேமுறை, நெருங்கிய சிறு பூக்கள் பல சேர்ந்து சிவந்த உருண்டையாக நிற்கும். கால்பந்து என்றால் உயிரை விடும் இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பூ இல்லை. ஒரு வாரம், பத்து நாட்களே இருக்கும். மற்ற மாதங்களில் இலையாகவோ வெறும் மண்ணாகவோ இருக்கும். பொறுமையுள்ளவர்களுக்கே இச்செடி.

நான்காவது, விஷமூங்கில். இங்கே சுகதர்ஷன் என்பார்கள். பெரிய வெங்காயம் போன்ற கிழங்கு, வாள்போன்ற இலை, சிலந்தியின் கால்களைப்போல் விரிந்த வெண்பூ. இது உறங்காது, எப்போதும் பசுமை. நீர் தேங்கினாலும் தாங்கும்.

ஐந்தாவது, மழை லில்லி. தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. சிறு தொட்டி போதும். நல்ல மழை பெய்து சில நாட்களில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரேசமயத்தில் பூத்து ஆச்சரியப்படுத்தும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. செங்காந்தள் முழுவதும் நஞ்சு. கிழங்கு உயிரையே பறிக்கும். விஷமூங்கில், ஃபுட்பால் லில்லி, மழை லில்லி ஆகியவற்றின் கிழங்குகளும் தின்னத் தகாதவை. தவழும் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் செங்காந்தளை வைக்கவே வேண்டாம். பூயிசாம்பாவும் தோலன்சாம்பாவும் போதும். கிழங்கைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். சமையலறையில் சேனைக்கிழங்கின் அருகே ஒருபோதும் வைக்காதீர்கள்.

இவற்றுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஹவுரா பாலத்தின் அடியிலுள்ள மல்லிக் காட் மலர்ச்சந்தை பெரும்பாலும் பறித்த பூவுக்கானது. செடி வேண்டுமானால் பாக்பஜாரின் காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தை உண்டு; ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாம் இருக்க வேண்டிய இடம் வேறு. ஆகவே நான் வாரநாளில் அலிப்பூர் தோட்டக்கலைச் சங்கத்தின் நாற்றங்காலுக்கே போவேன். கேரி ஐயர் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு தொட்டியைச் சுமந்துவருவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

உறங்கும் செடிக்குச் செய்ய வேண்டியது

தொட்டி ஆழமாக இருக்கட்டும். அடியில் துளைகள் அடையாமல் உடைந்த ஓட்டுத் துண்டுகளை இடுங்கள். தோட்டத்து மண், ஆற்று மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சமமாகக் கலந்தால் மழைநீர் நிற்காது. செங்காந்தள் கிழங்கைப் படுக்கைவாட்டில் நான்கு விரல் ஆழத்தில் வைத்து, ஏறுவதற்கு வலையோ குச்சியோ கொடுங்கள். வளரும் மாதங்களில், இந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல் கடுகுப் புண்ணாக்கைச் சில நாட்கள் ஊறவைத்து, நிறைய நீர் கலந்து ஊற்றலாம். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு அதுவே போதும்.

இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் எருவை நிறுத்துங்கள், நீரைக் குறையுங்கள். பச்சையாயிருக்கும் இலையை வெட்டாதீர்கள். அடுத்த ஆண்டின் கிழங்கு அந்த இலையின் உழைப்பினால்தான் பருக்கிறது. முழுதும் காய்ந்தபின் சருகை நீக்கிவிட்டு, தொட்டியை நனையாத இடத்தில் ஒதுக்கிவையுங்கள். ஒரு குச்சியில் செடியின் பெயரையும், அது உறங்கிய மாதத்தையும் எழும்பும் மாதத்தையும் எழுதிச் செருகுங்கள். மறதியுள்ளவர்களுக்கும், என்னைப்போல் மண்வெட்டியோடு அவசரப்படுகிறவர்களுக்கும் அந்தக் குச்சியே காவல்.

பதிவேட்டில் ஒரு கோடு

இப்போது மனப்பாரத்தோடு ஒன்றைச் சொல்லுகிறேன். அதே 2017-ஆம் ஆண்டின் இறுதியில், புத்தாண்டுக்காகச் சபைப் பதிவேட்டைப் புதிதாக எழுதினேன். கணினித் துறையில் இரவுப்பணி செய்துவந்த ஒரு வாலிபச் சகோதரர் ஐந்து மாதங்களாக ஆராதனைக்கு வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. பின்வாங்கிப் போனார் என்று எண்ணி அவருடைய பெயரைக் கோடிட்டு அடித்தேன். புதிய பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதவில்லை.

செங்காந்தளின் முளையைக் கண்டு அம்மாவோடு பேசிய அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் பட்டது என்று சொல்லாதே என்ற சொல் என்னை விடவில்லை. மறுநாள் அந்தச் சகோதரரின் அறையைத் தேடிப் போனேன். வேலை போய் ஓராண்டாகியிருந்தது. வீட்டாருக்குச் சொல்லாமல், இரவெல்லாம் உணவுப் பொட்டலங்களை வீடுவீடாகச் சேர்த்து அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். காணிக்கை போட ஒன்றுமில்லாமல் சபைக்கு வர வெட்கம். ஒவ்வொரு இரவும் சங்கீதம் வாசித்தே படுப்பதாகச் சொன்னார். பிறகு தலைகுனிந்தபடி, "என் பேரை எடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், ஐயா" என்றார்.

என்னிடத்தில் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே எல்லாக் கூட்டங்களுக்கும் வரத் தொடங்கிவிட்டார் என்று எழுதினால் அது உண்மையாகாது. சில ஞாயிறுகளில் வந்தார். அடுத்த ஆண்டு வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆனாலும் இன்றுவரை கிறிஸ்துமஸ் அன்று எனக்கு அவரிடமிருந்து தொலைபேசி வருகிறது. மூன்று கிழங்குகளில் இரண்டின் முனையை ஒடித்தவன் நான். இந்த ஒன்று ஒடியாமல் தப்பியது கர்த்தருடைய கிருபையே.

மண்ணுக்குள் இருந்தவை

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது, சபை கூடவில்லை, நம்மவர்களில் பலர் ஊருக்குத் திரும்ப வழியின்றித் தவித்தார்கள். மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது. எங்கள் மாடியில் காகிதப்பூவும் குரோட்டனும் உடைந்து கிடந்தன. உயர்ந்து நின்றவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜூன் மாதத்தில், ஒரு மூலையில் ஒதுக்கிவைத்திருந்த வெறுந்தொட்டியிலிருந்து செங்காந்தள் எழும்பியது. ஊருக்கு அடக்க ஆராதனைக்குப் போனபோதும் அழாத நான், அன்று அந்தத் தொட்டியருகே அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று செங்காந்தளுக்கு மட்டும் நான்கு தொட்டிகள், பூயிசாம்பாவுக்கு மூன்று, ஃபுட்பால் லில்லிக்கு இரண்டு. இவைதாம் டிசம்பரில் நீங்கள் காணும் ஒன்பது வெறுந்தொட்டிகள். ஊருக்குப் போகிற நம் சபையாருக்கு ஒவ்வொரு கிழங்கு கொடுத்தனுப்புகிறேன். எந்த மாதம் நடவேண்டும் என்பதை மட்டும் அங்குள்ள மழையைப் பார்த்துத் தீர்மானிக்கும்படி சொல்லியனுப்புகிறேன்.

அன்பானவர்களே, இந்த ஆண்டு ஒரு செடி வாங்குங்கள். பிறர் வீட்டில் இல்லாததாக இருக்கட்டும். ஆனால் இந்த மண்ணில் நிலைப்பதாக இருக்கட்டும். அது பூக்கும் நாட்களில் மகிழுங்கள். காயும் நாட்களில் பெயரெழுதிய குச்சியைச் செருகிக் காத்திருங்கள். உங்கள் வீட்டிலும் சபையிலும் பேச்சற்று ஒதுங்கியிருக்கிறவர் யாரேனும் இருந்தால், மண்வெட்டியை எடுக்குமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.